செவ்வாயில் கால் ஊன்றிய கலம்



செவ்வாய்க் கோளில் இறங்கி ஆய்வு நடத்திய அமெரிக்க வைக்கிங்-1 கலத்தைப் பற்றிச் சிறிது பேச விழைகிறோம். அது இறங்குவதற்குக் குறித்த நாள் 1976 ஜூலை 4. அந்நாடு விடுதலையை அறிவித்த இருநூறாம் ஆண்டு நிறைவு நாள். ஆனால் கலத்தைச் சுமந்து சென்று செவ்வாயைச் சுற்றிவந்த தாய்க்கலம் அனுப்பிய படங்களில், தேர்ந்த இடம் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. பொறுப்பாளர்கள் விழா நாளைக் கைவிட்டு வேறிடம் தேடினர். திறப்பு விழாவிற்காக ஈரச் சுவருக்கு வெள்ளையடித்த பள்ளிக் கட்டடங்களை நாம் கண்டிருக்கிறோம்!

ஏன் இத்துணை எச்சரிக்கை? கலத்தின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 22 செ.மீ.; ஏறத்தாழ ஒரு சாண். அதனினும் உயர்ந்த கல்லொன்று போதும், கலம் பழுதாக. அத்தகைய கல் மேலிருந்து எடுத்த படத்தில் புலப்படாது. ஆகவே பூமியிலிருந்து ரேடார் அலைகளைச் செலுத்தி, அவை மீண்டுவரும் தன்மையைக் கொண்டும் தரையின் கரடுமுரடை மதிப்பிட்டனர்.

இறங்கும் வேளையில் உதவவும் இயலாது. அங்கிருந்து செய்தி வந்து சேர 19 நிமிடம். பாராசூட்டை விரித்தல், வெப்பக் கவசத்தை உதறுதல், உயரத்தை அளந்து ராக்கெட் விசையால் வேகத்தைத் தணித்தல் யாவற்றையும் கலத்தின் கணிப்பொறியே செய்தாக வேண்டும்.

ஜூலை 20 அன்று கலம் இறங்கியது. அது அனுப்பிய முதற்படத்தில் இருந்தது அதன் பாதமும் அருகிலிருந்த மண்ணும். பின்னரே தெரிந்தது, சுமார் எட்டு மீட்டர் தொலைவில் இரண்டு மீட்டர் அகலப் பாறையொன்று நின்றது! அத்தனை ஆய்வுக்குப் பின்னும் தப்பியது மயிரிழையில்தான்.

90 நாள் பணிக்கென அமைத்த அக்கலம் 1982 நவம்பர் வரை செய்தி அனுப்பியது.