மாத்தாத்துவா: ஒரு மூதாதையர் இல்லத்தின் வரலாறு



புனிதமான மூதாதையர் இல்லம் என்றவுடன், காலம் அறியாத ஒரு பழங்கட்டிடத்தையே நாம் எண்ணிக்கொள்கிறோம். நியூசிலாந்தின் வகடானே என்னும் ஊரில் மாவோரி மக்களுள் நாட்டி ஆவா குலத்தார் எழுப்பிய மாத்தாத்துவா என்னும் இல்லம் அத்தகையதன்று. அது 1875இல் திறக்கப்பட்டது. தோல்வியுற்று, நிலமிழந்து நின்ற மக்கள் எழுப்பிய வீடு அது.

1865இல் அரசு அதிகாரி ஒருவர் அவ்வூரில் கொல்லப்பட்டார். அதனையொட்டிப் படை வந்தது. அடுத்த ஆண்டே ஏறத்தாழ 2,45,000 ஏக்கர் குலநிலத்தை அரசு பறிமுதல் செய்தது. குற்றம் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்னும் வேறுபாடு நிலத்தைப் பறிக்கையில் பார்க்கப்படவில்லை. பஞ்சமி நிலத்தின் கதையை அறிந்த நமக்கு இத்துயரத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிலம் போனபின் அம்மக்கள் வீடு கட்டினர். குடியிருப்பதற்கன்று, சிதறிய கிளைகள் ஒன்றுகூடுவதற்கு. முன்னோர் கடல் கடந்து வந்த தோணியின் பெயரே மாத்தாத்துவா. அதனையே வீட்டிற்கும் இட்டனர். அத்தோணி கரை சேர்ந்தபோது ஆடவர் இறங்கிச் சென்றுவிட, அலை அதனை இழுத்துச் சென்றதாம். துடுப்பைத் தொடுதல் பெண்டிர்க்கு விலக்கு. தலைவன் தோரோவாவின் மகள் வைராக்கா, தான் ஆணைப்போல் செயற்படுவதாகக் கூறித் துடுப்பை ஏந்தித் தோணியைக் காத்தாள். ஊர்ப்பெயரும் அச்செயலிலிருந்தே வந்தது என்பர். விலக்கை மீறிய ஒரு பெண்ணை ஊரின் தோற்றக்கதையிலேயே வைத்துப் போற்றும் மரபு நம் இளைஞர்கள் கருதத்தக்கது.

மாவோரி மரபில் இத்தகைய வீடு ஒரு மூதாதையின் உடலாகும். முகட்டு உத்தரம் முதுகெலும்பு; சாய்மரங்கள் விலா எலும்புகள்; முகப்பின் இருபுறப் பலகைகள் விரித்த கைகள். உட்சுவரில் நிற்கும் செதுக்குமரங்கள் முன்னோரின் உருவங்கள். உள்ளே நுழைபவன் தன் குலத்தின் நெஞ்சுக்குள் நுழைகிறான். அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயருண்டு, ஒரு வழிமுறையுண்டு. ஏட்டில் எழுதிவைக்க வேண்டியதை அவர்கள் மரத்தில் எழுதினர்.

திறந்து நான்காண்டுகள் கழிவதற்குள் அரசு அவ்வீட்டைக் கேட்டது. 1879ஆம் ஆண்டு சிட்னிக் கண்காட்சிக்கு அது பிரித்துக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே சுவர்களைப் புறந்திருப்பி, உள்ளிருந்த முன்னோரை வெளியே நிறுத்திக் காட்சிப்படுத்தினர்! உடலை உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டிய அச்செயலை அறியாமை என்பதா, ஆணவம் என்பதா? இரண்டும் என்பதே நம் கருத்து.

பின்னர் மெல்பர்ன். அதன்பின் லண்டனில் வெட்டவெளியில் சிலகாலம். பிரிக்கப்பட்டு அருங்காட்சியகச் சேமிப்பறையில் சுமார் 40 ஆண்டுகள். 1925இல் நியூசிலாந்துக்கு மீண்டும் வந்தது. ஆனால் ஊருக்கன்று, தெற்கே டுனீடினில் நடந்த கண்காட்சிக்கு. அங்குள்ள ஒட்டாகோ அருங்காட்சியகத்தில் இடத்துக்கேற்ப மரங்களைக் குறைத்து நிறுத்தினர்.

தாம் அதனைத் தானமாகக் கொடுக்கவில்லை என்பதே குலத்தாரின் வாதம். தலைமுறைகள் மாறியும் அவ்வாதத்தை அவர்கள் கைவிடவில்லை. சிதைந்த கோரிக்கையாயினும் தொடர்ந்து கேட்டுக்கொண்டேயிருக்கும் ஒரு கூட்டம் இருந்தமையால், 1996இல் அரசு அவ்வீட்டைத் திருப்பியளிக்க உடன்பட்டது. பழுதுபட்டவற்றைச் செப்பனிட்டுப் புதியன செதுக்கிச் சேர்க்க மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 2011 செப்டம்பரில் மாத்தாத்துவா வகடானேயில் மீண்டும் திறக்கப்பட்டது. முன்னோர் உருவங்கள் உட்புறம் நோக்கி நின்றன.