கோடையும் கொண்டலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



நான்கு திசைக் காற்றுக்கும் தமிழ் நான்கு பெயர் வைத்திருக்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றுள் வாடையும் தென்றலும் கவிதையில் படாத பாடு பட்டுவிட்டன. தென்றலைத் தொடாத மரபுக் கவிஞரும் இல்லை, கேலிக்காகவேனும் அதைத் தொடாத புதுக்கவிஞரும் இல்லை. ஏனைய இரண்டும் அகராதிக்குள் ஒதுங்கிக் கிடக்கின்றன.

அந்த அகராதியைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கோடை என்ற சொல்லுக்கு மேல்காற்று என்றும் வெயிற்காலம் என்றும் பொருள். கொண்டல் என்ற சொல்லுக்குக் கீழ்காற்று என்றும் மேகம் என்றும் மழை என்றும் பொருள். வெப்பமும் வறட்சியும் மேற்கின் பெயரில். ஈரமும் மேகமும் கிழக்கின் பெயரில். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சித்திரை வைகாசியில் இடியோடு கொட்டும் மழை பெரும்பாலும் இவ்விரு காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்திலேதான் பிறக்கிறது. வானிலை ஆய்வு மையத்தின் கோடைகால அறிக்கைகளில், வளிமண்டலத்தின் கீழடுக்கில் கிழக்கு மேற்குத் திசைக் காற்றுகள் சந்திக்கும் பகுதி என்னும் தொடரைக் காணலாம். கோடையும் கொண்டலும் சந்திக்கின்றன என்று சொன்னாலும் அதே செய்திதான். சொல்லில் ஏற்கெனவே இருந்த அறிவைத் தமிழர் மறந்துபோனார்கள். நினைவில் மீட்டுக்கொண்டிருப்பவர்கள் கவிஞர்கள் அல்லர் என்பதையும் இந்த அவையில் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர்கள் மொட்டை மாடியில் நின்று மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வானிலை ஆர்வலர்கள்.

இந்த நிலத்தின் இருப்பிடத்தை முதலில் கருத வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைத்தொடர் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தொலைவு. தெற்கே வேம்பார், சாயல்குடிப் பக்கத்து மன்னார் வளைகுடாக் கரையும் ஏறத்தாழ அதே தொலைவு. மலைக்கும் கடலுக்கும் நடுவே, இரண்டின் கொடையும் முழுதாக வந்து சேராத இடம் இது. ஆண்டு முழுவதும் பெய்வது 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதிலும் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். அந்த ஆற்றங்கரையில் இருக்கும் திருச்சுழிக்கோ வெள்ளத்தால் வந்த பெயர்! ஊழிப் பெருவெள்ளத்தை இறைவன் சூலத்தால் குத்திச் சுழியாக்கி நிலத்துக்குள் இறக்கிவிட்டான் என்பது திருமேனிநாதர் கோயில் தலபுராணம். இறக்கியவன் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம் என்று ஊர்க்காரர் சொன்னால் அதை நாத்திகமாகக் கொள்ள வேண்டியதில்லை.

வறண்ட நிலத்துக்குக் கோடை மழை எதற்கு என்று கேட்பவர் கரிசலை அறியாதவர். மாசி பங்குனியில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. கால் நுழையும் அளவுக்குப் பிளவு விடும். அந்த மண்ணில் நல்ல மழை ஒன்று இறங்கினால்தான் கோடை உழவு. 25 மில்லிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கர் நிலத்தில் விழும் தண்ணீர் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். சம்சாரி அதை லிட்டரில் எண்ணுவதில்லை. 'ஓர் உழவு மழை' என்பார். அளவும் பயனும் ஒரே சொல்லில் அடங்கிவிட்ட அருமையான அலகு அது. உழுதுபோட்ட மண் பின்வரும் மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசியில் பருத்திக்கும் சோளத்துக்கும் அது துணை. 1901ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும், அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையமும் மானாவாரி வேளாண்மைக்காகவே உழைத்துவருபவை.

இனி ஆர்வலர்களின் ஒரு நாளைப் பார்க்கலாம். விடியற்காலையில் காரைக்காலிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் கருவி கட்டிய பலூன்கள் மேலே போகின்றன. எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கம் என்பதை அவை சொல்லிக்கொண்டே ஏறும். கீழே ஈரமும் வெப்பமும், மேலே குளிர்ச்சி என்றால் காற்று எழும்புவதற்கு ஆற்றல் இருக்கிறது என்று பொருள். ஆனால் இடையில் ஒரு வெப்ப அடுக்கு மூடிபோல் உட்கார்ந்திருந்தால் அத்தனை ஆற்றலும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மூடி எப்போது திறக்கும், எங்கே திறக்கும், திறக்கவே திறக்காதா? பகல் முழுவதும் இதுவே கேள்வி.

நண்பகல் கடந்ததும் மலையின் மேல் பூக்கோசு போன்ற வெண்முகில்கள் முளைக்கும். வெயில் பட்ட மலைச்சரிவுகள் காற்றை மேலே தள்ளுவதால் மூடி முதலில் அங்கேதான் உடைகிறது. சில நாள்கள் முகில் எழுந்து எழுந்து கரையும். சில நாள்கள் அரைமணி நேரத்தில் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரம் வளர்ந்து, உச்சி தட்டையாகிக் கொல்லன் பட்டறைக் கல்லைப்போல் ஒரு பக்கமாக நீண்டுவிடும். அந்த நீட்டம் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்தே உச்சி வானத்துக் காற்றைப் படித்துவிடுவார் பழகிய ஆர்வலர். நடு அடுக்குக் காற்று மேற்கிலிருந்து வீசும் நாளில் மலைமழை ராஜபாளையம், சிவகாசி என்று சமவெளிக்கு இறங்கும். கிழக்கிலிருந்து வீசும் நாளில் மலைக்கப்பால் கேரளத்துக்குப் போய்விடும். இங்கே இடியோசைகூட எட்டாது.

ஆனால் அருப்புக்கோட்டையின் தனிச்சிறப்பு மாலையில்தான் தெரியும். ஒரு தனி இடிமுகிலின் ஆயுள் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டது. மலையோரம் கொட்டித் தீர்த்த முகில் சாகும்போது அதன் குளிர்க்காற்று தரையோடு தரையாகக் கிழக்கே பாய்கிறது. அதே நேரத்தில் மன்னார் வளைகுடாவின் கடற்காற்று உள்நாட்டை நோக்கி ஊர்ந்துவருகிறது. இரண்டும் நடுக்கரிசலில் மோதினால், அதுவரை வெறும் புழுதியாக இருந்த வானத்தில் புதிய முகில் ஒன்று செங்குத்தாக எழும். மலையில் பிறந்த மழை செத்தும் கொடுத்த மழை அது. மோதும் இடம் அருப்புக்கோட்டையா, பாலவநத்தமா, காரியாபட்டியா என்பதை அரைமணிக்கு முன்புவரை எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. அருப்புக்கோட்டையில் தெருவெல்லாம் தண்ணீர் ஓட, பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்சுழியில் புழுதி மட்டும் பறப்பதும், மறுநாள் முறை மாறுவதும் இதனால்தான். 'என் வீட்டில் பெய்யாத மழையை எப்படிச் சொன்னாய்?' என்று ஆர்வலரைக் கேட்பவர்கள் முகிலின் அகலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான் இருக்கும் என்பதை நினைப்பதில்லை.

ரேடார் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இந்த வட்டாரத்துக்குத் தொலைவில் இருக்கிறது. காரைக்கால் ரேடாருக்கு இவ்விடம் 240 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரத்துக்கு ஏறத்தாழ 170. பூமி வளைந்திருப்பதால், தொலைவு கூடக் கூட ரேடார்க் கற்றை உயரத்தில் போய்விடும். முகிலின் தலை தெரியும், அடி தெரியாது. அந்த அடியைப் பார்ப்பவர் ஊரில் இருக்கும் மனிதரே. சாத்தூரில் ஒருவர் வானம் கறுத்ததைச் சொல்கிறார். விருதுநகரில் மற்றொருவர் காற்று திரும்பியதைச் சொல்கிறார். அதைக் கேட்டு அருப்புக்கோட்டையில் இருப்பவர் மாடியில் காயும் மிளகாயை அள்ளச் சொல்கிறார். செயற்கைக்கோள் படம், மின்னல் வரைபடம் எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்ட இந்நாளிலும் கடைசிப் பத்து கிலோமீட்டருக்குக் கண்தான் கருவி.

இந்த ஆர்வத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. மேகத்துக்குப் பெயர் வைத்தவரே பொழுதுபோக்காளர்தான். லூக் ஹோவர்டு இலண்டனில் மருந்து வணிகர். 1802ஆம் ஆண்டு அஸ்கீசியன் சங்கம் என்ற சிறிய நண்பர் வட்டம் ஒன்றில் அவர் வாசித்த உரையிலேதான் முகில் வகைகளுக்கு இன்றும் உலகம் வழங்கும் பெயர்கள் முதலில் ஒலித்தன. செர்மானிய மகாகவி கதே அந்த மருந்து வணிகரைப் போற்றிக் கவிதை எழுதினார். இத்தகையதொரு சிறு வட்டத்தின் முன் அதை நினைவூட்டுவது பொருந்தும். அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் 1956 முதல் டேவிட் ஹோட்லி காரில் புயல்களைத் துரத்திச் சென்றார். அங்கே அது பெரிய இயக்கமாயிற்று. கரிசலில் எவரும் துரத்துவதில்லை. சாலையும் பெட்ரோலும் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் சாகும் முகிலைத் துரத்திப் பிடிப்பதற்குள் அது ஈரக் காற்றாகிவிடும். இங்கே காத்திருப்பதே கலை.

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்குப் பொதுமக்கள் காது கொடுக்கத் தொடங்கியது 2015ஆம் ஆண்டுச் சென்னைப் பெருவெள்ளத்தின்போது. 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று அறியப்படும் பிரதீப் ஜான் வானிலைத் துறை அலுவலர் அல்லர். வேறு பணியில் இருந்துகொண்டு மழைக் கணக்கு பார்த்தவர். வதந்திகள் மலிந்த அந்நாள்களில் அவருடைய நிதானமான சொற்களை மக்கள் நம்பினார்கள். அதன்பின் மாவட்டந்தோறும் ஆர்வலர்கள் பெருகினார்கள். பெருகியவர்கள் அனைவரும் நிதானமானவர்கள் என்று சொல்ல முடியாது. மேகம் தெரிந்தவுடன் பேய்மழை என்று கூவுபவரும் உண்டு. பெய்யாவிட்டால் மறுநாள் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

இங்கே பஞ்சாங்கத்தின் பேச்சு வந்தாக வேண்டும். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் நாள்களைக் கர்ப்போட்டம் என்பர். அந்நாள்களில் மேகம் சூல்கொள்ளும். அதன் குறியைக் கொண்டு வரும் ஆண்டின் மழையை அறியலாம் என்பது நம்பிக்கை. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் மேகம் கருவுற்ற 195ஆம் நாள் மழையைப் பெறும் என்று கணக்கே எழுதியிருக்கிறார். சூல் என்ற சொல்லின் அழகு குறையாதது, சோ. தர்மன் கரிசல் கண்மாய்களின் கதைக்கு அதையே தலைப்பாக்கினார், அந்நாவல் 2019இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. பஞ்சாங்கத்தைப் பழிப்பது எளிது. அதன் குறை தவறிப்போனதில் இல்லை. தவறியவற்றைக் குறித்து வைக்காததில் இருக்கிறது. இத்தனை மரக்கால் மழை என்று ஆண்டுதோறும் படித்தவர்கள், போன ஆண்டு சொன்னது எத்தனை, பெய்தது எத்தனை என்று ஒருமுறைகூடப் படித்ததில்லை. நல்ல ஆர்வலருக்கும் கூவுபவருக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. நல்லவரிடம் ஒரு குறிப்பேடு இருக்கும். அதில் தவறிய நாள்களும் இருக்கும்.

குறித்து வைப்பதின் பெருமை பேசும்போது அன்னா மணியை விட்டுவிடக் கூடாது. 1918இல் பீர்மேட்டில், கரிசலுக்கு மழை தரும் இதே மலைத்தொடரில், பிறந்தவர் அவர். இந்திய வானிலைத் துறையின் அளவுகருவிகளை இந்நாட்டிலேயே செம்மையாகச் செய்யவைக்கப் பாடுபட்டவர். தவறாக அளப்பதைவிட அளக்காமலிருப்பதே மேல் என்ற கண்டிப்பு அவருடையது.

இவ்வளவும் விளையாட்டில்லை என்பதற்கு மின்னலே சான்று. இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். மாண்டவர் பட்டியலில் வயலில் நின்றவர், ஆடு மேய்த்தவர், மரத்தடியில் ஒதுங்கியவர் என்றே வரும். கரிசற்காடோ மறைப்பில்லாத வெளி. தனித்து நிற்கும் வேம்பும் பனையும்தான் அங்கே உயரமானவை. மழைக்கு மனிதன் ஓடுவதும் அவற்றின் அடிக்கே. பக்கத்துச் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களின் பட்டாசு ஆலைகளில் இடிமின்னல் வேளையில் வேலையை நிறுத்தி வெளியேற வேண்டும் என்பது விதி. முகில் வரும் முன்பே ஒருவர் சொல்லிவிட்டால் அந்த விதிக்கு உயிர் வருகிறது. மலைமேல் பெய்வதைக் கீழே இருப்பவர் அறியாமையால் வரும் கேடும் உண்டு. 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். குளித்துக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே பெரிய மழை இல்லை.

ஆகையால் ஆர்வலர்கள் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தருவது எண்ணுவதற்கு. மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்க வேண்டும். இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி வந்தால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் வெளியே வரக்கூடாது. 'வா' என்று அழைப்பதற்கும் 'பெய்' என்று பாடுவதற்கும் மழையைப் பழக்கியிருக்கும் கவிதை இந்த எண்ணிக்கையையும் கொஞ்சம் கேட்டு வைக்கலாம்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் திருச்சுழிப் பக்கம் தென்கிழக்கு அடிவானம் சில நாள் மின்னிக்கொண்டே இருக்கும். ஓசை வராது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடல்மேல் நிற்கும் முகிலாக இருக்கும். இடியோசை இருபது கிலோமீட்டர் தாண்டுவதே அரிது. எண்ணத் தொடங்கியவர் எண்ணி முடிக்கவே முடியாத மின்னல் அது. மாடியில் இருப்பவர்கள் அதற்காகத் தூங்காமல் இருப்பார்கள். இரண்டு துளி கன்னத்தில் விழும், மண் மணக்கும், அவ்வளவுதான். காலை 8.30 மணிக்கு மழைமானியைத் திறந்தால் அளக்க ஒன்றும் இராது. ஆனாலும் துளி விழுந்த நாளைச் சுழி என்று எழுதுவது துறையின் மரபன்று. 0.1 மில்லிமீட்டரை எட்டாத மழைக்குத் தனிக் குறி ஒன்று உண்டு. குறிப்பேட்டில் தேதிக்கு எதிரே 'சுவடு' என்று எழுதுவார்கள்.