சமூக முதலீடு: ஒரு தொழில்வழி

போட்ட பணம் திரும்பி வர வேண்டும். அதனால் எளியவர் வாழ்வில் முன்னேற்றம் வர வேண்டும். அந்த முன்னேற்றத்தை அளந்து காட்டவும் வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளோடு தொழில்களில் பணம் போடுவதே சமூகத் தாக்க முதலீடு. நன்கொடைக்கு முதல் நிபந்தனை கிடையாது. வழக்கமான முதலீடு மற்ற இரண்டையும் கேட்பதில்லை.

2007ஆம் ஆண்டு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இத்தாலியில் கூட்டிய கூட்டத்துக்குப் பிறகே இந்தப் பெயர் பரவியது. வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் பணியாற்றிய ஜாக்குலின் நோவோகிராட்ஸ் 2001இல் அக்யூமன் நிதியத்தை நிறுவினார். அதே ஆண்டில் இந்தியாவில் ஆவிஷ்கார் நிதியம் பிறந்தது.

இந்தத் துறைக்கு வருபவர்களில் பலர் நிர்வாக ஆலோசனை நிறுவனங்களில் பழகியவர்கள். வரவு செலவை அலசுவது, சந்தையைக் கணிப்பது, ஒரு தொழில் எந்த இடத்தில் நஷ்டப்படுகிறது என்று கண்டுபிடிப்பது ஆகியவை அவர்களுடைய அன்றாட வேலை. சமூக முதலீட்டுக்கும் இவையே அடிப்படை.

பெருநிறுவன அனுபவம் கிராமத்துக்கு வந்ததற்குத் தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்தில் சான்று உண்டு. பட்டுத் தறிகளில் உழைத்த சிறுவர்களைப் பள்ளிக்கு அனுப்பும் நோக்கத்துடன் ஹேண்ட் இன் ஹேண்ட் அமைப்பு அங்கே பணியைத் தொடங்கியது. ஏபிபி என்ற பன்னாட்டு நிறுவனத்தை நடத்திய சுவீடன் நாட்டவர் பெர்சி பார்னெவிக் அதற்குத் துணை நின்றார். கல்பனா சங்கர் அதை வழிநடத்தினார். குழந்தையின் கூலி நின்றால் வீட்டு வருமானம் குறையும். அந்தக் குறையைத் தாய் ஈடுகட்டினால்தான் பிள்ளை பள்ளியில் நிலைக்கும். ஆகவே மகளிர் சுய உதவிக் குழு, தொழிற்பயிற்சி, சிறுகடன் என்று பணி விரிந்தது. 2008இல் பெல்ஸ்டார் என்ற நிதி நிறுவனம் இந்தக் குழுமத்தின் கைக்கு வந்தது. 2016இல் அதன் பெரும்பான்மைப் பங்குகளை முத்தூட் ஃபைனான்ஸ் வாங்கியது. தொண்டாகத் தொடங்கிய வேலை, சந்தை முதலீட்டை ஈர்க்கும் தொழிலாகவும் வளர்ந்தது.

நகரத்து ஆலோசகருக்குப் பழகியது காலாண்டுக் கணக்கு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்து விவசாயியின் கணக்கு சாகுபடிப் பட்டத்தை ஒட்டியது. சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டங்களும், ஏரியில் நிற்கும் தண்ணீரும், கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குப் பணம் வரும் நாளுமே அங்கே கையில் காசு எப்போது புழங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அறுவடைக்கு முன்பே தவணை கேட்கும் கடன், எவ்வளவு குறைந்த வட்டியில் தந்தாலும் சுமைதான். கறவை மாடு வாங்கத் தரும் கடனுக்கு மாதத் தவணை பொருந்தும், நெல்லுக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டைக் களத்தில் இருந்துதான் கற்க முடியும்.

கற்காததன் விளைவை 2010இல் ஆந்திரம் காட்டியது. ஒரே குடும்பத்துக்குப் பல சிறுகடன் நிறுவனங்கள் கடன் கொடுத்துக் கெடுபிடியாக வசூலித்தன. தற்கொலைகள் நடந்ததாகப் புகார் எழுந்தது. அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதுவரை திரும்பி வந்த தவணைகளை மட்டும் வெற்றியாக எண்ணியதே அடிப்படைத் தவறு. 2022இல் ரிசர்வ் வங்கி, குறைந்த வருமானக் குடும்பம் ஒன்று கட்ட வேண்டிய மொத்தக் கடன் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வகுத்தது.

இந்தியாவில் இந்தத் துறைக்குச் சட்ட வடிவம் படிப்படியாக வந்தது. 2012இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த விதிகள் சமூக நிதியங்களுக்குத் தனி இடம் அளித்தன. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. இது முதலீடு அன்று. ஆனாலும் புதுத் தொழில்களின் தொடக்கச் சோதனைகளுக்கு உதவுகிறது. 2022இல் சமூகப் பங்குச் சந்தைக்கான விதிகள் வந்தன.

இவ்வழியில் வருபவரின் முதல் வேலை பெரும்பாலும் நிதியமொன்றில் ஆய்வாளர் பணி. தொழிலைத் தேர்ந்தெடுப்பது, கடனா பங்கா என்று முடிவு செய்வது, முதலிட்ட பின் ஆண்டுக்கணக்கில் கூடவே நிற்பது, முறையாக வெளியேறுவது என்பது அதன் வரிசை. ஆலோசகர் அறிக்கை கொடுத்ததும் விலகிவிடலாம். முதலீட்டாளர் விலக முடியாது. சம்பளமும் பொதுவாகக் குறைவு.

பிறர் பணத்தைக் கையாள்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது உத்திரமேரூருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்தலுக்குத் தகுதி அற்றவர் ஆனார்கள். சமூக முதலீட்டாளருக்கும் இதுவே அளவுகோல்: பணம் போட்டவருக்கு மட்டுமன்றி, அந்தப் பணத்தால் வாழ்வு மாறும் என்று நம்பிய ஊருக்கும் அவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.