தேமலுக்குக் களிம்பு வாங்கும் முன்

(மாதக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வருகிறவர்களில் தோல் வியாதிக்காரர்கள் நிறைய. பெரும்பாலும் ஒரே கதைதான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு. முதல் வாரம் மறைந்தது, பிறகு இரண்டு மடங்காகப் பரவியது. அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது அரிப்பை அடக்கும், அடியில் பூஞ்சை வளரும். படையின் உருவமே மாறிவிடுவதால், பிறகு பார்க்கும் டாக்டருக்கும் குழப்பம். மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. இன்றும் கேட்டால் கிடைக்கிறது!

படர்தாமரைதானா என்று பார்க்க, தோலைச் சுரண்டி எடுத்த செதிலை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் போதும். வெள்ளைத் திட்டு என்றால், இருட்டறையில் ஊதா ஒளி விளக்கைக் காட்டுவார்கள். வெண்புள்ளியாக இருந்தால் பளிச்சென்று தெரியும். இதை 'வெண்குஷ்டம்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களின் சம்பந்தத்தைக் கெடுத்திருக்கிறோம்! குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது ஒட்டவும் ஒட்டாது.

தொழுநோயைப் பற்றியும் கூச்சப்படாமல் பேசவேண்டும். 2005-ல் நாட்டளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே வந்துவிட்டது; அதனால் அடியோடு ஒழிந்தது என்று நினைக்கிறோம். இல்லை. நம் மாநிலத்தில் இன்னும் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். தேமல் நிறம் வெளுத்தோ சிவந்தோ இருந்து, தொட்டால் உணர்ச்சி தெரியவில்லையென்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். காது மடலில் சின்னதாகக் கீறி எடுத்த திசு நீரைச் சாயமேற்றிப் பார்த்தால், கிருமி இருந்தால் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். 1873-ல் நார்வே டாக்டர் ஹான்சன் கண்ட அதே கிருமி. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ. குணமாகிவிடும். தாமதித்தால் நரம்பு போகும், விரல் மடங்கும். போன நரம்பை மருந்து முழுதாகத் திருப்பித் தராது. செங்கல்பட்டுத் திருமணியில் இதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இருக்கிறது.

'பயாப்ஸி' என்றதும் புற்றுநோய் என்று அழுகிறார்கள். வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோலை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் பல வியாதிகளைப் பிரித்துக் காட்டுவது அந்தத் துண்டுதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெண்கள் தயங்கவேண்டாம்; பெண் டாக்டரைக் கேட்கலாம். சிகிச்சைக்காகத் தேவையான இடத்தை மட்டும் காட்டுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை.

மாதம் ஒருமுறை அதே இடத்தை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் போனில் படமெடுத்து வையுங்கள். திட்டு வளர்கிறதா, சுருங்குகிறதா என்று டாக்டருக்கு அதில் தெரியும். படத்தை உறவினர் குரூப்பில் போட்டு வைத்தியம் கேட்காதீர்கள்!

ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் ஒருவர் கூட வருவார். பெயர் வெளியே போகாது. வரும்போது இதுவரை போட்ட களிம்பு டியூப்பையும் எடுத்து வாருங்கள், காலியாக இருந்தாலும் சரி.