மஞ்சளும் சிறுநீரகமும்



நோயைத் தீர்க்கும் மருந்தே சில வேளைகளில் உறுப்பொன்றுக்கு ஊறு செய்வதுண்டு. ஜென்டாமைசின் அதற்குத் தக்க சான்று. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெறப்பட்டு, 1963ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இம்மருந்து, இரத்தத்தில் கிருமி பரவி உயிருக்குப் போராடிய எத்தனையோ பேரை மீட்டிருக்கிறது; இன்றும் மீட்கிறது.

இம்மருந்து உடலிற் சிதைவதில்லை. சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. அவ்வாறு செல்லுகையில் அதன் ஒரு பங்கைச் சிறுநீரகத்து நுண்குழாய்களின் கலங்கள் உள்ளிழுத்துச் சேர்த்து வைக்கின்றன. நாட்செல்ல அங்கே ஒட்சியேற்றம் மிகுந்து கலங்கள் மடிகின்றன. வேளைக்குக் கண்டறிந்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சிறுநீரகம் தேறிவிடும்.

இக்கேட்டைத் தாவரங்களால் தடுக்கலாமா? மஞ்சளிலுள்ள குர்க்குமினையும் வெங்காயத்திலுள்ள குவர்செற்றினையும் ஜென்டாமைசினோடு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் சிறுநீரகப் பழுது குறைந்தது. ஒட்சியேற்றத்தை இவை தணிப்பதே காரணமென்பர். நம் அடுக்களைப் பொருள்கள் இப்பெருமை பெறுவது கேட்க நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் மகிழ்ச்சி வேறு, மருத்துவம் வேறு. எலிக்குக் கொடுத்த அளவு கறியில் இடும் மஞ்சளின் அளவன்று. குர்க்குமின் குடலிலிருந்து இரத்தத்திற் சேர்வதும் மிகச் சொற்பம். மனிதரிடத்தில் இக்காப்பு இன்னும் உறுதிப்படவில்லை.

மூலிகையெல்லாம் தீங்கற்றவை என்பதும் தவறு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியவென்று மூலிகைக் குளிகை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகங்களை இழந்தனர். அக்குளிகையிற் கலந்திருந்த செடியின் இனத்தைச் சேர்ந்ததே நாம் அறிந்த ஈசுவரமூலியும். இரண்டிலும் அரிஸ்டலோக்கிக் அமிலம் என்னும் நஞ்சு உண்டு.

ஆகவே ஊசிமருந்து ஏறும் நாளில், வைத்தியர் அறியாமல் கஷாயம் கொடுப்பதை நாம் விட்டுவிட வேண்டும். பழைய சிறுநீரக நோய் இருந்தாலும், நோவுக்கு வேறு குளிகை எடுத்தாலும் வைத்தியரிடம் மறைக்கலாகாது. இரத்தத்தில் கிரியேற்றினின் அளவு பார்க்கச் சொன்னால் தட்டலாகாது. பயந்து மருந்தை நாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

இளைஞர்களே! பழையதென்று மூலிகையைத் தள்ளவும் வேண்டாம். பழையதென்பதற்காகவே நம்பவும் வேண்டாம். முன்னோர் கையாண்டதை ஆய்கூடத்தில் அளந்து, மெய்யெது பொய்யெது என்று நிறுவும் பணி உங்களுக்காகக் காத்திருக்கிறது. அப்பணிக்கு உங்களிற் சிலரேனும் முன்வருவீர்களாக.