புனையா ஓவியமும் புனைந்த வண்ணமும்

(கோவிலம்பாக்கத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

கவிஞர்கள் கூடிய அவையில் பேனாவைப் பற்றிப் பேசுவது புதுமையன்று. பேனாவால் படம் வரைவதையும், மையால் வரைந்த படத்திற்கு வண்ணம் ஏற்றுவதையும் பேசுவது சிலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் பழந்தமிழ் இவ்விரு செயல்களுக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பொருள் இவ்வவைக்கு அயலானதன்று என்பது விளங்கும்.

எழுதுதல் என்னும் சொல்

ஓலையில் எழுத்தைப் பொறிப்பதும் எழுதுதல். சுவரில் உருவத்தைத் தீட்டுவதும் எழுதுதல். மகளிர் கண்ணுக்கு மை தீட்டுவதும் எழுதுதல். ‘ஓவியம் எழுதினான்’ என்பதே பழைய வழக்கு. மை என்ற சொல்லும் அத்தகையதே. கண்ணுக்கு இடுவதும் மை, எழுத்துக்கு உதவுவதும் மை. மை தீட்டும் கருவியைக் கோல் என்றனர். பேனாவை எழுதுகோல் என்கிறோம்.

திருக்குறளின் 1285ஆம் குறளில் தலைவி கூறும் உவமை இங்கு நினைக்கத்தக்கது. மை எழுதும்போது கண் அந்தக் கோலைக் காண்பதில்லை. அதுபோலக் கணவனை நேரில் கண்டபோது அவன் குற்றம் தோன்றுவதில்லை என்கிறாள். காதலைப் பற்றிய உவமை எனினும், எழுதும் தொழிலைக் கூர்ந்து கண்டவர் கூற்று இது. பேனாவால் வரைபவரும் முனையைப் பார்ப்பதில்லை. வரையும் பொருளையே பார்க்கின்றனர். முனையையே பார்த்துக் கொண்டிருப்பவர் கை நடுங்குகிறது என்பதை எந்த ஓவிய ஆசிரியரும் சொல்வார்.

புனையா ஓவியம்

வண்ணம் தீட்டாத கோட்டோவியத்திற்குத் தமிழ் இட்ட பெயர் ‘புனையா ஓவியம்’. நக்கீரரின் நெடுநல்வாடையில் இச்சொல் வருகிறது. பாசறையில் இருக்கும் பாண்டியனைப் பிரிந்து அரண்மனையில் வாடும் அரசி, அணிகலன்களைக் களைந்து, ஒப்பனையின்றி இருக்கிறாள். அவள் தோற்றத்திற்குப் புனையா ஓவியம் உவமையாகிறது. வண்ணங்களைக் கொண்டு எழுதாமல் வடிவத்தை மட்டும் கோட்டினால் அமைத்த சித்திரம் என்னும் கருத்துப்பட நச்சினார்க்கினியர் உரை விளக்கம் தருகிறார்.

அதே கட்டிலின் மேல் விதானத்தைப் புலவர் அடுத்துக் காட்டுகிறார். மெழுகு பூசிய துணியில் ஞாயிறும் இராசிகளும் திங்களும் எழுதப்பட்டுள்ளன. திங்களைப் பிரியாத உரோகிணியும் அங்கே இருக்கிறாள். அதனை அண்ணாந்து நோக்கி அரசி பெருமூச்செறிகிறாள். மேலே எழுதி முடித்த ஓவியம்; கீழே எழுதி முடியாதது போன்ற ஓவியம். மேலே பிரிவில்லாத இணை, கீழே தனிமை. ஓவியக் கலையின் இரு நிலைகளைக் கொண்டே பிரிவின் துயரைப் புலவர் அமைத்துவிட்டார்.

மணிமேகலைக் காப்பியமும் இதே சொல்லை ஆள்கிறது. அமுதசுரபியை ஏந்தி ஆதிரையின் மனை புகுந்த மணிமேகலை, புனையா ஓவியம்போல நிற்கிறாள். ஆதிரை வலம் வந்து தொழுது பாத்திரம் நிறைய உணவு இடுகிறாள். நெடுநல்வாடையில் இழப்பைக் காட்டிய உவமை இங்குத் துறவின் நிறைவைக் காட்டுகிறது. அங்கே வண்ணம் நீங்கிவிட்டது. இங்கே வண்ணம் தேவைப்படவில்லை. எனவே கோட்டோவியம் என்பது முடியாத ஓவியமன்று. அது தன்னளவில் முழுமை உடையது. வண்ணம் சேர்ப்பதாயின் அது கோட்டின் குறையை மறைப்பதற்காக அன்று, கோடு சொல்லாத ஒன்றைச் சொல்வதற்காகவே சேர்க்கப்பட வேண்டும். இவ்வுரையின் மையக் கருத்து இதுவே.

ஊற்றுப் பேனாவும் மையும்

எழுத்தாணி ஓலையைக் கீறியது. விளக்குக் கரியைத் தடவித் துடைத்தபின் கோடு கண்ணுக்குப் புலப்பட்டது. நாணற் கோலும் இறகுப் பேனாவும் மைக்கூட்டில் தோய்ந்து தோய்ந்து எழுதின. 1884இல் அமெரிக்கரான வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற ஊற்றுப் பேனாவில், நிப்பின் அடியிலுள்ள நுண்ணிய வாய்க்கால்கள் மையை ஒழுங்காக இறக்கின. இறங்கிய மையின் இடத்தைக் காற்று நிரப்பியது. கை நிற்காமல் கோடு ஓடலாயிற்று. தென்னாட்டிலும் இத்தொழில் வேரூன்றியது. சுதேசி உணர்வில் 1930களில் இராஜமுந்திரியில் இரத்தினம் பேனாக்கள் உருவாயின. திருவள்ளூரில் எபோனைட் கட்டையைக் கடைந்து கையால் பேனா செய்யும் கைவினை இன்றும் உண்டு.

வரைவதற்கு இப்பேனா ஏற்றது என்பதற்குக் காரணம் அதன் நிப். சற்று அழுத்தினால் கோடு தடிக்கிறது, தளர்த்தினால் மெலிகிறது, நிப்பைக் கவிழ்த்துப் பிடித்தால் மயிரிழைபோல் நுண்மை பெறுகிறது. ஒரே பேனாவில் குறிலும் நெடிலும் உண்டு எனலாம். பென்சிலுக்கு உள்ள அழிப்பான் இதற்கு இல்லை. தவறிய கோட்டை அழிக்க இயலாது. அடுத்த கோட்டை அதனோடு இயைய வைக்கவே இயலும்.

பேனாவினும் நுணுக்கமானது மை. ஊற்றுப் பேனாவிற்கென விற்கப்படும் மைகளில் பெரும்பாலானவை சாய மைகள். பள்ளிப் பருவத்தில் பிரில், கேம்லின் புட்டிகளிலிருந்து நிரப்பிய நீல மையை நினைவுகூரலாம். ஒரு துளி நீர் பட்டால் விடைத்தாள் முழுதும் கரைந்து பரவும். இக்குறையே ஓவியருக்குக் கருவியாவதும் உண்டு. கோடு வரைந்து, அதன் ஓரத்தை ஈரத் தூரிகையால் தொட்டால், மை கசிந்து நிழலாகிறது. ஒரே மையில் கோடும் சாயலும் கிடைக்கின்றன. ஆனால் அதன்மேல் நீர்வண்ணம் ஏற்றினால் கோடும் கரையும், வண்ணமும் அழுக்காகும்.

வண்ணம் ஏற்றக் கருதுவோர்க்கு நிறமி மை வேண்டும். நுண்ணிய கரித்துகள்கள் நீரில் மிதக்கும் மை அது. உலர்ந்தபின் தாளின் இழைகளில் தங்கிவிடும், நீருக்குக் கரையாது. ஆயினும் அதனைப் பேனாவுக்குள் உலரவிடுதல் கூடாது; அடிக்கடி நீரால் கழுவ வேண்டும். அரக்குச் சேர்ந்த இந்தியன் இங்க் என்னும் கருமையைத் தோய்த்தெழுதும் பேனாவில் பயன்படுத்தலாமேயன்றி, ஊற்றுப் பேனாவில் ஊற்றலாகாது. அது வாய்க்காலை அடைத்துப் பேனாவைக் கெடுத்துவிடும்.

மையின் ஆயுளும் எண்ணத்தக்கது. சாயம் ஒளியில் வெளிறும். டச்சு ஓவியர் வான்கா நாணற் பேனாவால் வரைந்த படங்களில் இன்று பழுப்பாகக் காணப்படும் கோடுகள் பல, அவர் வரைந்தபோது பழுப்பாக இருந்தவை அல்ல. கரியோ வெளிறுவதில்லை. ஓலைச்சுவடிகளின் எழுத்து இன்றும் கறுப்பாகவே இருப்பது விளக்குக் கரியின் வன்மையால் ஆகும்.

கலம்காரி காட்டும் நெறி

முதலில் கோடு, பின்னர் வண்ணம் என்னும் நெறி தமிழகத்திற்குப் புதியதன்று. தஞ்சைப் பகுதியில் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் வழங்கும் கலம்காரி ஓவியம் இதற்குச் சான்று. கருப்பூர்க் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கலம் என்பது இங்குப் பேனாவைக் குறிக்கும் பாரசீகச் சொல். மூங்கிற் குச்சியின் நுனியைச் சீவி, சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டுகின்றனர். அச்சுருணை மையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்த, மை நுனிக்கு இறங்கும். ஊற்றுப் பேனாவின் கருத்து இம்மூங்கில் எழுதுகோலிலேயே அமைந்துள்ளது.

மையும் வியப்புக்குரியது. இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்து எடுக்கும் நீரே மை. கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் அது பட்டவுடன் கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் எழுதிய இரும்புத் துவர் மையும் இதே வேதியியலால் ஆனது; அவர்கள் கடுக்காய்க்கு மாறாகக் கருவாலி மரத்தின் காய்ப்புகளைக் கொண்டனர். கலம்காரி ஓவியர் கருங்கோட்டை முடித்து அது துணியில் ஊன்றிய பின்னரே சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றை நிரப்புகிறார். கோடு தன் சொல்லை முடிக்குமுன் வண்ணம் வாய் திறப்பதில்லை.

தாளில் வரைபவர்க்கும் நெறி இதுவே. கோடு நன்கு உலர வேண்டும். தாள் தடித்ததாக இருக்க வேண்டும். ஏட்டுத் தாள் நீரைத் தாங்காது சுருங்கும். வெளிர் வண்ணத்தை முதலிலும் அடர் வண்ணத்தைப் பின்னரும் இடுதல் வேண்டும். வெண்மைக்கெனத் தனி வண்ணம் வேண்டுவதில்லை; தாளைத் தீண்டாது விடுவதே வெண்மை. கோட்டுக்குள் வண்ணத்தை முழுதும் அடைக்க வேண்டியதும் இல்லை. பெயரடைகளை அடுக்கி வினையை மூழ்கடிக்கும் கவிதை எப்படியோ, அப்படியே ஆகிவிடும் அளவிறந்து வண்ணம் ஏறிய கோட்டோவியமும்.

சென்னை ஓவியர் தந்த கோடு

சென்னையின் நவீன ஓவியத்தில் கோட்டுக்குத் தனியிடம் உண்டு. நாமக்கல்லில் 1919இல் பிறந்த சீனிவாசன், ஆனந்த விகடனில் மாலி சூட்டிய ‘சில்பி’ என்னும் பெயரால் அறியப்பட்டார். கோயில் கோயிலாகச் சென்று, சிற்பத்தின் முன் அமர்ந்து, அதன் விரல் நகமும் அணியும் பிழையாது வரைந்தார். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடரால் வாசகர்கள் தம் ஊர்ச் சிற்பங்களை முதன்முறையாகக் கண் திறந்து பார்த்தனர் என்றால் மிகையாகாது.

கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்தார். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் அவர்தம் ஓவிய வரிசையில் எழுத்தும் கோடும் ஒன்றாயின. எழுதுதல் என்னும் சொல்லின் இரு பொருளும் அங்கு மீண்டும் கூடின எனலாம். 1938 முதல் 2008 வரை வாழ்ந்த கே.எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் காந்தியடிகளை வரைந்து புகழ் பெற்றார். தமிழ் இலக்கிய ஏடுகளும் நூல்களும் அவர் கோட்டினால் பொலிவுற்றன. பின்னாளில் அவரே எண்ணெய் வண்ணத்தில் உருவமற்ற ஓவியங்களைப் படைத்தார். காந்தியைக் கோட்டுக்கே விட்டார். நிலத்தையும் ஒளியையும் வண்ணத்துக்கு விட்டார். எதற்கு எது தகும் என்னும் தெளிவு அது.

கோவிலம்பாக்கத்தில் எழுத வேண்டியவை

இவ்வளவும் இவ்வூரில் எதற்காகக் கூறப்படுகின்றன என்னும் வினா எழலாம். பாக்கம், மங்கலம், தாங்கல் என முடியும் ஊர்ப் பெயர்கள் இப்பகுதியைச் சூழ்ந்துள்ளன. தாங்கல் என்பது சிறிய நீர்நிலை. மங்கலம் என்பது அந்தணர்க்கு அளித்த ஊர். ஊர் மாறிய பின்னும் வடிவத்தை மட்டும் காட்டி நிற்கும் இப்பெயர்களும் புனையா ஓவியங்களே. கோவிலம்பாக்கம் வழியே மெட்ரோ இரயிலின் ஐந்தாம் வழித்தடம் அமைகிறது. வயல் இருந்த இடங்களில் அடுக்ககங்கள் எழுந்துவிட்டன. அண்மையில் நன்மங்கலம் காப்புக்காடு உள்ளது. 2022இல் ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உள்ளது. அச்சதுப்பு நிலம் முன்பிருந்த பரப்பில் சிறு பகுதியே இன்று எஞ்சியுள்ளது.

சில்பி வரைந்த கற்சிற்பங்கள் இன்றும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. வரையாது விட்டவற்றை நாளையும் வரையலாம். ஏரிக்கரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கரை வீதியான பின் அதனை நேரில் வரைய எவராலும் இயலாது. 2007இல் சியாட்டில் நகரின் நாளிதழ் ஓவியர் கேப்ரியேல் காம்பனாரியோ தொடங்கிய ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ இயக்கம், இருந்த இடத்திலிருந்தே கண்டு வரைதலைத் தன் முதல் விதியாகக் கொண்டது. ஒளிப்படம் எடுப்பவர் நொடியில் அகன்றுவிடலாம்; வரைபவரோ அரை நாழிகையேனும் அக்கரையில் அமர்ந்தாக வேண்டும். அமர்ந்தவர்க்கே எது மறைந்து வருகிறது என்பது புலப்படும்.

பள்ளிக்கரணையின் பறவைகளே நிறத்தின் அளவைக் கற்பிக்கும் ஆசிரியர்கள். நாமக்கோழிக்குக் கருமையே போதும். நெற்றி நாமத்திற்குத் தாளை வெறுமையாக விட்டால் ஆயிற்று. கூழைக்கடாவின் உடலுக்கும் தாளின் வெண்மையே உடல். நீலத் தாழைக்கோழிக்கு நீலம் இன்றியமையாதது; நீலம் இன்றேல் அது வேறொரு கோழி. பூநாரைக்கோ சிறகில் ஒரு தீற்று இளஞ்சிவப்புப் போதும்; சதுப்பு முழுதும் மையின் சாம்பல் நிறத்தில் கிடக்க, அவ்வொரு தீற்று அனைத்தையும் உயிர்ப்பிக்கும். எங்கே வண்ணம் வேண்டும், எங்கே வேண்டா என்பதைப் பொருளே சொல்கிறது. கேட்கும் செவியே கலைஞர்க்கு வேண்டுவது. கவிதைக்கும் இதுவே விதி.

நிறைவாக, பத்தாண்டுகள் கவிதையால் இவ்வூரை எழுதிய வட்டம் இது. இனிவரும் பத்தாண்டுகளில் கோட்டினாலும் எழுதுமாறு உறுப்பினர்களை இவ்வவை வேண்டுகிறது. திங்களுக்கு ஒரு காலையேனும் ஏரிக்கரையில் அமர்ந்து, கரையாத, வெளிறாத கரி மையில் வரைந்து, நாளும் இடமும் குறித்து வைத்தால் போதும். வண்ணம் வேண்டுமாயின் வீடு திரும்பியும் இட்டுக்கொள்ளலாம். கோட்டை மட்டும் அங்கேயே எழுதியாக வேண்டும். வருங்காலத் தலைமுறை இவ்வூரின் நீர்நிலைகளைத் தேடி வரும்போது, நெடுநல்வாடை அரசிபோல் இழந்ததை எண்ணிப் பெருமூச்செறிய மட்டும் அவர்களை விட்டுச் செல்லலாகாது. வடிவம் பிழையாத ஓர் ஓவியமேனும் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.