அக்காவோட மருந்து ராஜாவுக்குச் சரிப்படுமா?

இன்னைக்கு எங்க வீட்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அக்காவுக்கு 4 வருஷமா க்ரோன்ஸ் நோய். குடல்ல தீராத அழற்சி. 8 வாரத்துக்கு ஒருமுறை இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை ட்ரிப்ல ஏத்திக்கிறாங்க. எங்க நாய் ராஜாவுக்கு 2 மாசமா வயித்துப்போக்கு, விலா எலும்பு தெரியுது. இதுவும் குடல் அழற்சியா இருக்கலாம்னு கால்நடை டாக்டர் சொன்னதும் அக்கா கேட்டாங்க: "டேய், என் மருந்தையே இவனுக்கும் போட்டா என்ன?"

முதல்ல சிரிச்சேன். அப்புறம் படிக்க உட்கார்ந்தேன்.

நோய் எதிர்ப்பு செல்கள் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறது சைட்டோகைன்கள்ங்கிற சின்னச் சின்னப் புரதங்கள் மூலமாத்தான். அதுல டிஎன்எஃப் ஒரு அலாரம் மாதிரி. அது அடிச்சா ரத்தக்குழாய் தளர்ந்து, வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வரும். க்ரோன்ஸ்ல இந்த அலாரம் நிக்கிறதே இல்லை. இன்ஃப்ளிக்ஸிமாப் டிஎன்எஃப்பைப் பிடிச்சுக் கட்டிப்போடும். அமெரிக்காவில் 1998-ல் க்ரோன்ஸுக்கு அனுமதி கிடைச்சுது.

அப்போ எந்த அலாரத்தை வேணும்னாலும் அணைக்கலாமா? கூடாது. சொரியாசிஸுக்கு நல்லா வேலை செய்யற செகுகினுமாப், ஐஎல்-17ஏ-வை அடக்குது. அதையே க்ரோன்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. 2012-ல் வந்த முடிவு: பலன் இல்லை, சிலருக்கு நோய் கூடிடுச்சு. தோல்ல தொல்லை கொடுக்கிற அதே மூலக்கூறு, குடல் சுவரைக் காக்கிற காவல்காரனும்கூட. டிஎன்எஃப்பும் அப்படித்தான், உள்ளே தூங்கற காசநோய்க் கிருமியைப் பூட்டி வைக்க அது வேணும். அதனாலதான் அக்காவுக்கு முதல் டோஸுக்கு முன்னாடியே டிபி டெஸ்ட் எடுத்தாங்க.

சரி, ராஜா? அக்காவோட மருந்து மனுஷ டிஎன்எஃப்பைக் குறிவச்சுச் செஞ்சது. நாயோட உடம்பு அதை அந்நியப் புரதமா நினைச்சு எதிர்க்க வாய்ப்பு அதிகம். தவிர, நாய்க் குடல்ல எந்த சைட்டோகைன் ஏறுதுன்னு அளந்த ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. எதை அடைக்கணும்னே தெளிவில்லாதப்ப எதைப் போடறது?

டாக்டர் மாத்தினது சாப்பாட்டை மட்டும்தான். எதிர்ப்பு செல்களுக்கு அடையாளம் தெரியாத அளவுக்குப் புரதத்தைப் பொடியா உடைச்ச உணவு. பல நாய்களுக்கு இதுவே போதும். 2 வாரத்துல தெரிஞ்சிடும். ராஜாவுக்கும் தெரிஞ்சுது.

மனுஷங்கள்லயும், க்ரோன்ஸ் வந்த குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் திரவ உணவு மட்டும் கொடுத்து அழற்சியை அடக்கறாங்க.

இதைக் கேட்டுட்டு யாரும் மருந்தை நிறுத்திடாதீங்க. அக்கா நிறுத்தலை. ராஜாவோட தட்டைப் பார்த்து பெருமூச்சு மட்டும் விட்டாங்க: "இவனுக்குச் சாப்பாடு, எனக்கு ட்ரிப்பா!"

அடுத்த வாரம் பார்ப்போம்.